தொண்டையில் நின்ற சத்தியம்

"ஒண்ணுமில்லே" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் தொண்டையில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், ஒரு நெல்லிக்காய் நிற்கட்டும். அப்புறம் வந்து சொல்லட்டும், ஒண்ணுமில்லை என்று.

எனக்கு நின்றது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, நட்டநடுவில். எச்சிலை விழுங்கினால் மேலே ஏறும். விழுங்கி முடித்ததும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். காறினால் வராது, செருமினால் அசையாது. வலி கிடையாது. வலித்துத் தொலைத்திருந்தால்கூட நாலு பேர் நம்பியிருப்பார்கள்.

இப்போது எங்கள் பக்கத்தில் எவளாவது தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றால், "சவேரியாயிகிட்டப் போ, அவளுக்குத் தெரியும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவளிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

அப்போது சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த புதிது. இலுப்பூர் சந்தைக்கு நடந்து போய்த் திரும்பும் தூரத்தில் எங்கள் ஊர். எல்லாரும் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். என் வீட்டுக்காரர் இன்னாசி காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, அவருடைய அண்ணன், என் மூத்தார் சந்தியாகு, கிணற்று மேட்டில் வந்து நின்றுகொண்டு, "இங்கிட்டு இனிமே என் மாடு மட்டும்தான் கமலை இழுக்கும்" என்றார். கமலை பூட்டித் தண்ணீர் இறைக்கக் கிணறு இல்லாவிட்டால் என் நிலம் வானம் பார்த்த கட்டாந்தரை. ஒரு வருஷம் தாங்குவேன். அடுத்த வருஷம் அதையும் அவர் காலடியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஆத்தா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மாமனார் சாகக் கிடந்தபோது, "கெணறு ரெண்டு பயலுக்கும் பொதுடா" என்று தெளிவாகச் சொன்னார். அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர். என் வீட்டுக்காரர், அவர் இப்போது இல்லை. மூத்தார், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். நான். அப்புறம் என் நாத்தனார் ஆரோக்கியம். கட்டிக்கொடுத்த வருஷமே தாலியை இழந்துவிட்டு வந்து, என் மூத்தார் வீட்டுக் கஞ்சியில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள். அவளைக் கேட்டதற்குச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஊர் கூடியது. நாட்டாமை மிக்கேல் எங்கள் ஊரில் வழக்கமாகச் சொல்கிறதையே சொன்னார். "சத்தியம் பண்ணிட்டு நன்மை வாங்கட்டும். எறங்கிருச்சுன்னா அவ சொல்றது நெசம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. நன்மை என்றால் பூசையில் பாதிரிச் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். காகிதம் மாதிரி மெலிசாக இருக்கும். பல்லில் படாமல் விழுங்க வேண்டும். முதல் நாள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது, இதுதான் அன்றைய சட்டம். அந்தப் பட்டினிக்கு ஒருசந்தி என்று பெயர். பொய்ச் சத்தியம் பண்ணியவன் தொண்டையில் அது இறங்காது, நின்றுவிடும் என்பது எங்கள் ஊரார் தாமாகச் சேர்த்துக்கொண்டது. எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் கிடையாது. சாமியாருக்குத் தெரிந்தால் பிரம்பை எடுத்துவிடுவார் என்று அவர் காதுக்குப் போகாமலே பார்த்துக்கொள்வார்கள். அவர் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் கொஞ்சமும் பயப்படவில்லை. கேட்டதைத்தானே கேட்டேன் என்றேன்! கோயில் வாசலில் மெழுகுத்திரியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். பூசையில் பீடத்தை மறித்திருக்கிற கிராதி முன்னால் முழந்தாளிட்டு நாக்கை நீட்டினேன். பின்னால் ஊரே பூசையை விட்டுவிட்டு என் பிடரியைப் பார்க்கிறது. வாய் காய்ந்த மண்ணாகக் கிடக்கிறது. அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் நெம்பி விழுங்கப் பார்த்தேன், தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. மறுபடியும் விழுங்கினேன். இருமல் வந்துவிட்டது. அட என் சேசுவே! வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டேன். அப்பம் பிறகு கரைந்து இறங்கிவிட்டது. அதை யார் பார்த்தார்கள்? இருமினதைத்தான் பார்த்தார்கள்.

வெளியே வந்தால் மூத்தார் முகத்தில் அப்படி ஒரு அமைதி. பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது அவருக்கு. "அடைச்சிருச்சுல்ல?" என்று பெண்கள் ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். நான் நோய் என்றேன், வறட்சி என்றேன், தொண்டையில் இன்னமும் என்னமோ நிற்கிறது என்றேன். கடைசியில் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது.

நாட்டாமை கொஞ்சம் இரக்கம் காட்டினார். "நோயின்னு டாக்டர் சொல்லட்டும். சொன்னா அடுத்த பூசையில மறுபடி நன்மை வாங்கு. நோயில்லேன்னா, கெணறு சந்தியாகுக்கு. என்னய்யா, சரிதானே?" எல்லாரும் சரி என்றார்கள். அவர்களுக்கென்ன!

அதற்குப் பிறகு அந்த நெல்லிக்காய் என்னை விட்டு நகரவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வைத்தியரானார்கள். சோற்றை உருட்டி மெல்லாமல் முழுங்கு என்றாள் ஒருத்தி. வாழைப்பழத்தை முழுசாக விடு என்றாள் இன்னொருத்தி. மீன் முள்ளாக இருக்கும் என்றார்கள், மயிர் சுற்றிக்கொண்டிருக்கும் என்றார்கள். ஒரு கிழவி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப எதையாச்சும் மறைச்சியாடி?" என்று உருகினாள். அவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

பிள்ளைகளை ஆத்தா வீட்டில் விட்டுவிட்டுத் திருச்சிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. துணைக்கு மூத்தார் தாமாகவே ஆரோக்கியத்தை அனுப்பிவைத்தார். பாசமா? டாக்டர் என்ன சொல்கிறார் என்று வேவு பார்க்க ஆள் வேண்டுமே! நான் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து, "வாயில போட்டுக்கங்க மதினி, வறட்சி தெரியாது" என்று நீட்டினாள். வேண்டாம் என்றேன். கையை மடக்காமல் நீட்டியபடியே இருந்தாள். கை வலிக்கப் போகிறதே என்று வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு போதாமல் தரையிலெல்லாம் ஆட்கள். பெயரைக் கூப்பிடுகிற ஆள் என்னவோ நாங்கள் அவர் வீட்டுக் கொட்டிலில் ஒண்ட வந்தது மாதிரி விரட்டினார். பக்கத்தில் இருந்தவள் என்னை விசாரித்துவிட்டு, "எங்க ஓரகத்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, புத்து. ஆறு மாசம் தாங்கல" என்றாள். மகராசி, வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, புற்றாகவே இருக்கட்டும் மாதாவே என்று நான் வேண்டிக்கொண்டேன். முள்ளாக இருந்தால் நல்லது, கட்டியாக இருந்தாலும் சரி, புற்றாக இருந்தாலும் போகிறது. ஏதாவது ஒன்று அங்கே இருக்கட்டும். நான் செத்தாலும் என் பிள்ளைகளுக்குக் கிணறு இருக்கும், அவர்கள் அம்மா பொய்ச் சத்தியம் பண்ணினவள் என்று ஊர் சொல்லாது. இந்த மாதிரி வேண்டுதலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது.

டாக்டர் வயதானவர், சிடுசிடுப்புக்காரர். எனக்குப் பொருத்தமான ஆள்தான். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைச் சாராய விளக்கில் காட்டிச் சூடாக்கி உள்ளே விட்டார். மூச்சுப் பட்டால் கண்ணாடி மங்கிவிடுமாம், அதற்குத்தான் சூடு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "ஆன்னு சொல்லும்மா. ஆ!" என்று அதட்டினார். நாக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் எங்கே ஆ சொல்வது? ஒருவழியாகப் பார்த்து முடித்து, "மேல ஒண்ணுமில்லே" என்றார்.

அடுத்து எக்ஸ்ரே. ஒரு இருட்டறை. சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணீரை டம்ளரில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பெயர் பேரியம். அது இறங்குகிற வழி படத்தில் தனியாகத் தெரியும், நடுவில் கட்டியோ முள்ளோ இருந்தால் அங்கே ஒதுங்கிப் போகும் என்று நர்ஸ் விளக்கினாள். இருட்டுக்குக் கண் பழக அதுவரை போட்டிருந்த சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டாக்டர் நின்றார். "குடி. நிறுத்து. முழுங்கு." நான் நிற்கிற தட்டியை அப்படியும் இப்படியும் திருப்பினார்கள். ஒதுங்கு, ஒதுங்கு என்று அந்த வெள்ளைத் தண்ணீரிடம் மனதுக்குள் கெஞ்சினேன். அது நேராக இறங்கிப் போய்விட்டது.

சோதனைக்கென்று என்னை வார்டில் கட்டிலில் போட்டு வைத்திருந்த நாட்களில் ஆரோக்கியம் கீழே தரையில் படுத்துக்கொண்டாள். எங்கிருந்தோ கெஞ்சி வாங்கி வந்து கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், என் தலையை வாரிவிட்டாள், என் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். அவள் செய்யச் செய்ய எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. ஒருநாள் மத்தியானம் கேட்டேவிட்டேன்.

"மாமா சொன்னதை நீயும்தானே கேட்ட?"

அவள் கஞ்சிச் செம்பைக் கீழே வைத்தாள். "கேட்டேன் மதினி."

"பெறகு ஏண்டி வாயைத் தொறக்கல?"

"தொறந்துட்டு நான் எங்கிட்டுப் போறது? அண்ணன் வெளிய போன்னு சொல்லிட்டா, எனக்குப் படுக்க எடமேது?"

அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அந்த நெல்லிக்காய் இன்னும் பெரிதாக அடைத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டர் வந்தபோது நர்ஸிடம் சொல்லி ஒரு ரொட்டித் துண்டு வரவழைத்தார். காய்ந்து போன ரொட்டி. "தின்னு" என்றார். தின்றேன். "தண்ணி குடி." குடித்தேன். "இப்ப, முழுங்கும்போது அது இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ரொட்டி இறங்கும்போது நெல்லிக்காயைக் காணோம். தின்று முடித்து எச்சிலை விழுங்கினேன், திரும்பி வந்துவிட்டது. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

"நெசமாவே ஏதாச்சும் அடைச்சிருந்தா ரொட்டிதான் முதல்ல நிக்கும். எச்சில் எறங்கிரும். ஒனக்குத் தலைகீழா இருக்கு" என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உணவுக்குழாயின் வாயில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சுருக்குப்பையின் வாய் மாதிரி எப்போதும் இறுகி மூடியே இருக்கும். சோறோ தண்ணீரோ வந்தால் திறந்து விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். பயம் வந்தாலும், அழுகையை அடக்கினாலும், அது இன்னும் இறுகும். அந்த இறுக்கம்தான் நமக்கு ஏதோ பொருள் நிற்கிற மாதிரி தெரிகிறது. இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க நாம் வெறும் எச்சிலை விழுங்கி விழுங்கிச் சோதிக்கிறோம். சோதிக்கச் சோதிக்க அது தளர்வதே இல்லை.

"நம்பிக்கை இல்லேன்னா, இந்தா இந்தம்மாவை வெறும் எச்சிலை நிறுத்தாம நாலஞ்சு தரம் முழுங்கச் சொல்லு" என்று ஆரோக்கியத்தைக் காட்டினார்.

அவள் பயந்துகொண்டே விழுங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். "மதினி, எனக்கும் என்னமோ நிக்கிதே!"

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். இதைப் படிக்கிறவர்களும் செய்து பாருங்கள். நிற்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் போய்விடும்.

சிரிப்பு அடங்கியதும் நாட்டாமை சொன்னது நினைவுக்கு வந்தது. "அய்யா, நோயின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கய்யா" என்றேன். ஊர்க்கதை முழுவதும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இல்லாத நோயை எப்படிம்மா எழுதறது? உனக்கு நோயில்லேன்னு சந்தோசப்படு."

"நோயில்லேன்னா எம்புள்ளைகளுக்குக் கஞ்சியில்லய்யா!" என்று கத்தினேன். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் மனம் இளகவில்லை. நியாயமானவர்களிடம் இதுதான் தொல்லை. எழுந்து போகிறவரிடம் கேட்டேன், "அப்ப பொய் சொல்றவனுக்கு அடைக்காதா?"

"பொய் சொல்றவனுக்கெல்லாம் அடைச்சா கோர்ட்டுல ஒரு வக்கீல் மிஞ்சுவானா? பொய்க்கு அடைக்காதும்மா. பயத்துக்குத்தான் அடைக்கும்."

ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதற்கு என் தோடு போனது. நோயில்லை என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு ஜோடித் தோடு. துளை தூர்ந்துவிடாமல் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பூசை நாள் வந்தது. இரவெல்லாம் ஒன்றுதான் ஓடியது. விடிகாலையில் வீட்டுக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் அப்பம் சுகமாக இறங்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருசந்தியை முறித்துவிட்டு நன்மை வாங்குவது சாவான பாவம். உண்மைக்காகச் சத்தியம் பண்ணிவிட்டு, அதை நிரூபிக்கத் திருட்டுத்தனமா? எனக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த தொண்டையோடு போனால் மறுபடி இருமுவேன், அதிலும் சந்தேகமில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. சாமியார் உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நாட்டாமை மெல்லிய குரலில் கேட்டார், "என்ன சவேரியாயி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"நோயில்லேன்னாரு."

மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பப் பேச்சு முடிஞ்சுது" என்றார் நாட்டாமை.

"முடியல" என்றேன். கையில் கொண்டுபோயிருந்த செம்பைத் தூக்கி, ஊர் பார்க்க மடமடவென்று தண்ணீரைக் குடித்தேன். "அடிப்பாவி, நன்மை வாங்கணும்ல!" என்று பெண்கள் கூவினார்கள்.

"நான் வாங்கல. நான் சத்தியம் பண்ணியாச்சு, இருமியும் ஆச்சு. இனி அவரு பண்ணட்டும்." மூத்தார் பக்கம் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் மூத்தார் எதிரே நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்றைக்கு முகத்தைப் பார்த்தே சொன்னேன். "மாமா அப்படிச் சொல்லவே இல்லேன்னு திரியைத் தொட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டு நன்மை வாங்குங்க. எறங்கிருச்சுன்னா கெணறும் ஒங்களுக்கு, என் நெலமும் ஒங்களுக்கு. நான் எம்புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

நிலத்தையும் சேர்த்துச் சொன்னது வாய்த்துடுக்கு. டாக்டர் சொன்னது உண்மையென்றால் அவருக்கு அப்பம் வழுக்கிக்கொண்டு இறங்கும். அது எனக்குத் தெரியும், ஆரோக்கியத்துக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டதை அவள் அண்ணனிடம் சொல்லியிருந்தால் அன்றோடு நான் தொலைந்தேன். அதற்குத்தானே அவளை அனுப்பிவைத்தார்! கூட்டத்தில் அவளைத் தேடினேன். தூணோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நியாயமாத்தான் தோணுது" என்றார் நாட்டாமை. "என்ன சந்தியாகு?"

மூத்தார் எச்சிலை விழுங்கினார். பிறகு இன்னொரு தடவை விழுங்கினார். அவர் குரல்வளை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஆரோக்கியம் அவரிடம் சொல்லவில்லை! எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பண்றதுக்கென்ன? பண்ணலாம்" என்றார். குரல் கம்மியது. செருமினார். "இன்னைக்குத் தோதுப்படாது. காலையில மறந்தாப்ல காப்பித்தண்ணி குடிச்சுப்பிட்டேன்."

ஒருசந்தியை முறித்தவன் நன்மை வாங்க முடியாது, நாட்டாமையும் என்ன சொல்ல முடியும்? அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டே போவார். என் பயிர் காய்ந்துபோகும். கிணறு கையை விட்டுப் போனதென்றே நினைத்தேன்.

தூணோரத்திலிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"நம்ம வீட்டுல காப்பித்தூளு ஏதுண்ணே?"

மூத்தார் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நாட்டாமை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பூசை மணி அடித்தது. "பொழுது சாய்ஞ்சதும் கமலை முறையைப் பிரிச்சுக்கங்க, ஆளுக்கு ஒருநாள்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனார். ஊரும் பின்னாலேயே போனது. மூத்தார் மட்டும் வாசலிலேயே நின்றார்.

சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஆரோக்கியம் வாசலில் வந்து நின்றாள். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"அண்ணன் வெளிய போகச் சொல்லிட்டாரு மதினி."

என்னமோ என் வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்கிற மாதிரி அங்கேயே நின்றாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"அதான் தெரியுதே. நின்னுக்கிட்டே இருந்தா ஒல கொதிக்குமா? உள்ள வந்து அரிசியப் போடு. ஒனக்கும் சேத்துத்தான் களைஞ்சிருக்கேன்" என்றேன்.